ஸ்தவின்ஸ்கியின் திரைக்கதைகளைப் படிப்பது எப்படி

போலந்து சினிமாவுக்குள் நுழைகிறவர்கள் பெரும்பாலும் இயக்குநர் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் போகிறார்கள். வாஜ்தாவின் படங்கள் ஒரு வரிசை, முங்க்கின் படங்கள் இன்னொரு வரிசை. இரண்டு வரிசையிலும் ஒரே எழுத்தாளர் உட்கார்ந்திருப்பது கண்ணில் படுவதில்லை. அவர் யெஷி ஸ்தெஃபான் ஸ்தவின்ஸ்கி (1921–2010). ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்த 1944 வார்சா எழுச்சியில் ஒரு தகவல் தொடர்புக் கம்பெனிக்கு, அதாவது ஒரு படைப்பிரிவுக்கு, தலைமை தாங்கியவர். பிறகு ஜெர்மானியரின் போர்க்கைதி. அதற்கும் பிறகு கதை, நாவல், திரைக்கதை, கொஞ்ச காலம் இயக்கம்.

‘தகவல் தொடர்பு’ என்ற சொல்லைக் கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். இவரைத் திறக்கும் சாவி அதுதான். துப்பாக்கி ஏந்தியவர் எழுதும் போர்க்கதையில் யார் யாரைச் சுட்டார்கள் என்பது முக்கியம். தொலைபேசிக் கம்பி இழுத்தவர் எழுதும் கதையில் யாருக்கு எது தெரியும், யாருக்கு எது போய்ச் சேரவில்லை என்பது முக்கியம். ஸ்தவின்ஸ்கியின் நல்ல படங்கள் எல்லாவற்றிலும் ஒரு செய்தி கிளம்புகிறது. வழியில் அறுந்துபோகிறது, அல்லது திரிந்துபோய்ச் சேருகிறது. அந்த அறுந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் இங்கே வேலை. வாரம் ஒரு படம் என்றால் ஐந்து வாரம். எழுத்துப் பயிற்சிக்கு ஒரு வாரம் சேர்த்தால் ஆறு.

கையில் என்ன வேண்டும்

ஒரு நூறு பக்க நோட்டு. மூன்று நிறத்தில் துண்டுச் சீட்டுகள், நிறத்துக்குப் பதினைந்து போதும். கடிகாரமோ போனோ ஒன்று. நல்ல பிரதி.

பிரதியில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஸ்தவின்ஸ்கி எழுதி வாஜ்தா இயக்கிய ‘கனாவ்’ (1957) படத்தின் பின்பாதி முழுக்கப் பாதாளச் சாக்கடைக்குள் நடக்கிறது. ஒளிப்பதிவாளர் யெஷி லிப்மன் வெளிச்சத்தை எண்ணி எண்ணிச் செலவழித்திருக்கிறார். அழுத்திச் சுருக்கிய பிரதியில் முகமும் சுவரும் ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். படத்தைத் தொடங்குமுன் ஒரு மணி நேரத்தைத் தாண்டி ஓடவிட்டுப் பாருங்கள். ஈரச் செங்கலின் மினுமினுப்பு தெரிந்தால் வைத்துக்கொள்ளலாம்; தெரியாவிட்டால் வேறு பிரதி தேடுங்கள். டிவியின் பிரைட்னஸைக் கூட்டுவது தீர்வல்ல. கறுப்பு சாம்பலாக வெளுத்து, சாக்கடை கார் நிறுத்துமிடம் மாதிரி ஆகிவிடும். அறையை இருட்டாக்குங்கள். ஃபிலிம் சொசைட்டி என்றால் ஜன்னலை மூடுங்கள், அல்லது இரவு ஏழு மணிக்கு மேல் வையுங்கள்.

சப்டைட்டிலில் ஒன்றைச் சோதிக்க வேண்டும்: சுவரில் எழுதியிருப்பதையும் மொழிபெயர்த்திருக்கிறார்களா? ‘கனாவ்’ படத்தின் மிக நல்ல காட்சிகளில் ஒன்று ஒரு சுவரெழுத்தை நம்பி நிற்கிறது. வசனத்தை மட்டும் மொழிபெயர்த்த பிரதியில் அந்தக் காட்சி செத்துப்போய்க் கிடக்கும்.

பெயர்களைச் சரிசெய்துகொள்ளுங்கள்

போலிஷ் மொழியில் குறுக்குக்கோடு போட்ட எல் எழுத்துக்கு ‘வ்’ ஒலி. எனவே படத்தின் பெயர் ‘கனாவ்’. கோட்டைக் கவனிக்காமல் ‘கானல்’ என்று எழுதிவிட்டால் தமிழில் அது கானல் நீரை நினைவூட்டும். கவித்துவமாக இருக்கும், ஆனால் தப்பு. சொல்லுக்குப் பொருள் சாக்கடைக் கால்வாய். ஆங்கில டபிள்யூவுக்கும் அங்கே ‘வ’ ஒலிதான். ஜே எழுத்துக்கு ‘ய’ ஒலி. அந்தக் கணக்கில் வாஜ்தா உண்மையில் ‘வாய்தா’. கோர்ட் ஞாபகம் வரும் என்பதாலோ என்னவோ, தமிழில் வாஜ்தா என்றே நிலைத்துவிட்டது. இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

ஸ்தவின்ஸ்கி என்று தேடினால் இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி வந்து நிற்பார். முதற்பெயர் இரண்டையும் சேர்த்துத் தேடுங்கள். இன்னொரு தொல்லை: போலிஷ் மொழியில் பெயர்களும் வேற்றுமை உருபு ஏற்கும். ‘ஸ்தவின்ஸ்கியின்’ என்பது அங்கே ‘ஸ்தவின்ஸ்கியேகோ’. போலிஷ் பக்கங்களில் தேடும்போது இந்த வடிவத்தையும் கொடுத்தால்தான் பாதி விஷயம் கிடைக்கும். தமிழ் பேசுகிறவருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பாத்திரப் பெயர்களில் பல இயக்கப்பெயர்கள். ‘ஸ்தொக்ரொத்கா’ ஒரு சின்னப் பூவின் பெயர், ‘மோந்த்ரி’ என்றால் புத்திசாலி, ‘கூலா’ என்றால் துப்பாக்கிக் குண்டு. சப்டைட்டிலில் சிலர் இவற்றை மொழிபெயர்ப்பார்கள், சிலர் அப்படியே விடுவார்கள். இரண்டு பிரதிகள் கலந்தால் ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார். நோட்டின் முதல் பக்கத்தில் ஜோடியாக எழுதி வையுங்கள்.

வாழ்க்கையை ஒரே பக்கத்தில் போடுங்கள்

இடப்பக்கம் ஆண்டு, வலப்பக்கம் அந்த ஆண்டில் நாட்டில் நடந்தது, நடுவில் அவர். நிரப்ப வேண்டியவை:

1921 ஜூலை 1, வார்சாவுக்குப் பக்கத்தில் ஸாக்ரெந்த் என்ற ஊரில் பிறப்பு. அதே ஆண்டில்தான் ஆந்த்ரே முங்க்கும் பிறந்தார். வாஜ்தா இவர்களுக்கு ஐந்து வயது இளையவர். ஆண்டுகளை இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் ஒன்று தெரியும்: எழுச்சியின்போது ஸ்தவின்ஸ்கிக்கு வயது இருபத்து மூன்று. முங்க்கும் எழுச்சியில் இருந்தவர். வாஜ்தா அப்போது வார்சாவில் இல்லை.

1944 ஆகஸ்ட் 1, மாலை ஐந்து மணி. ‘வி நேரம்’ என்று போலந்தில் சொல்லும் அந்த நேரத்தில் எழுச்சி தொடங்கியது. 63 நாள் நீடித்து அக்டோபர் 2-ல் சரணடைவில் முடிந்தது. ஸ்தவின்ஸ்கி நகரின் தென்பகுதியான மொகொதூவில், போலந்தின் ரகசிய எதிர்ப்புப் படையான உள்நாட்டுப் படையின் ‘பஷ்தா’ ரெஜிமெண்டில் இருந்தார். மொகொதூவ் செப்டம்பர் 27-ல் வீழ்ந்தது. அதற்கு முந்தைய இரவுகளில் எஞ்சியவர்கள் சாக்கடை வழியாக நகர மையத்துக்குப் போக முயன்றார்கள். ஸ்தவின்ஸ்கியும் அந்தச் சாக்கடைக்குள் இறங்கியவர்.

1945 ஏப்ரல் 29, பவேரியாவில் முர்னாவ் நகரில் இருந்த அதிகாரிகளுக்கான கைதிமுகாமை அமெரிக்கப் படை விடுவித்தது. போலிஷ் அதிகாரிகளுக்கான அந்த முகாமில்தான் அவர் அடைபட்டிருந்தார்.

1956. இந்த ஆண்டுக்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். ஸ்டாலின் காலத்தில் உள்நாட்டுப் படையில் இருந்தவர்கள் சந்தேகத்துக்குரியவர்கள். பலர் சிறையில் கிடந்தார்கள். எழுச்சியைப் பற்றி உள்ளபடி பேச முடியாது. 1956-ல் பனி இளகத் தொடங்கியது. அந்த ஆண்டு மார்ச்சில் ஓர் இலக்கிய இதழில் ‘கனாவ்’ சிறுகதை வெளிவந்தது. ‘வி நேரம்’ நாவலும் அதே ஆண்டுதான். ஜூனில் போஸ்னன் நகரில் தொழிலாளர் கிளர்ச்சி, அக்டோபரில் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவராகக் கொமுல்கா பதவிக்கு வந்தார். இந்த வரிசையை எழுதாமல் படங்களைப் பார்த்தால், சாதாரணமான ஒரு வசனத்துக்கு அரங்கம் ஏன் மூச்சைப் பிடித்தது என்பது புரியாது.

1957–65, ‘காமெரா’ என்ற தயாரிப்புக் குழுவின் இலக்கியப் பொறுப்பாளர். அப்போது போலந்தில் படங்களைத் தயாரித்தவை இத்தகைய குழுக்கள். கதையைத் தேர்ந்து கொடுப்பது இலக்கியப் பொறுப்பாளர் வேலை. போலான்ஸ்கியின் முதல் முழுநீளப் படம் இந்தக் குழுவிலிருந்து வந்தது.

1961 செப்டம்பர் 20, முங்க் கார் விபத்தில் இறந்தார். நாற்பது வயது நிறையவில்லை. ஸ்தவின்ஸ்கியின் வாழ்க்கைப் பக்கத்தில் இந்த இடத்தில் ஒரு கோடு கிழியுங்கள். 2010 ஜூன் 12 வரை அவர் இருந்தார், எழுதினார். ஆனால் எழுதியதன் சிரிப்பையும் கசப்பையும் ஒரே அளவில் பிடித்த இயக்குநர் அதற்குப் பிறகு அவருக்கு அமையவில்லை.

இந்தப் பக்கத்தில் அடிக்கடி நேரும் தவறு ஒன்று. வார்சாவில் எழுச்சி இரண்டு. 1943 ஏப்ரல்–மே மாதங்களில் கெட்டோவில், அதாவது யூதர்களை அடைத்துவைத்த பகுதியில், யூதர்கள் நடத்தியது ஒன்று. 1944-ல் உள்நாட்டுப் படை நகரம் முழுக்க நடத்தியது இன்னொன்று. ஸ்தவின்ஸ்கி இரண்டாவதைச் சேர்ந்தவர். அதேபோல, வாஜ்தாவின் ‘போர் முப்படம்’ மூன்றையும் ஒருவரே எழுதினார் என்று நினைத்துவிடாதீர்கள். நடுவில் இருக்கும் ‘கனாவ்’ மட்டுமே இவருடையது.

பார்க்கும் வரிசை

வெளியான தேதி வரிசையில் பார்த்தாலும் பரவாயில்லை. ஆனால் ‘கனாவ்’ படத்தில் தொடங்குவது நல்லதல்ல. அதன் துயரம் மற்றதையெல்லாம் நனைத்துவிடும். பிறகு நகைச்சுவைப் படங்களில்கூடக் கண்ணீரையே தேடுவீர்கள். ரயில் படத்தில் தொடங்குங்கள்.

முதல் வாரம் ‘தண்டவாளத்தில் ஒரு மனிதன்’. முங்க் இயக்கியது, 1957 தொடக்கத்தில் திரைக்கு வந்தது. போரே இல்லை. ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் ஒஷெஹொவ்ஸ்கி இரவில் ரயிலில் அடிபட்டுச் சாகிறார். சிக்னலில் எரிய வேண்டிய இரண்டு விளக்குகளில் ஒன்று அணைந்து கிடக்கிறது. விசாரணை நடக்கிறது, மூன்று பேர் ஆளுக்கொரு கோணத்தில் சொல்கிறார்கள்: நிலையத் தலைவர் துஷ்கா, ரயிலை ஓட்டிய ஸாபொரா, சிக்னல்காரர் ஸவாத்தா.

துண்டுச் சீட்டுகள் இங்கேதான் வேண்டும். சொல்பவர் ஒருவருக்கு ஒரு நிறம். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு வரி, ஒரு சீட்டு. படம் முடிந்ததும் சீட்டுகளை, திரையில் வந்த வரிசையை விட்டுவிட்டு, நிகழ்ந்த வரிசையில் தரையில் அடுக்குங்கள். அப்போது நிறங்கள் எங்கே கலக்கின்றன என்று பாருங்கள். துஷ்காவின் நிறத்தில் ஒஷெஹொவ்ஸ்கி திமிர் பிடித்த பழைய ஆள். ஸாபொராவின் நிறத்தில் அதே ஆள் கறாரான வாத்தியார். நிகழ்ச்சி மாறவில்லை, பார்த்தவர் நின்ற இடம் மாறியிருக்கிறது. ஒரே நிகழ்ச்சியை இரண்டு பேர் சொன்னால் இரண்டு சீட்டுப் போட வேண்டும். ஒரே சீட்டில் சேர்த்து எழுதினால் பயிற்சி வீண்.

பிறகு விளக்கின் விதியைத் தனியாக எழுதுங்கள்: இரண்டு விளக்கு எரிந்தால் வேகத்தைக் குறை, ஒன்று எரிந்தால் வழி திறந்திருக்கிறது. ஒன்று அணைந்ததால் ‘குறை’ என்ற செய்தி ‘போ’ என்று மாறிவிட்டது. படத்தின் புதிர் இவ்வளவுதான். கிழவர் தண்டவாளத்தில் நின்றது ஏன் என்ற கேள்விக்கு விடை அங்கே இருக்கிறது. செய்தி அறுந்த இடத்தில் ஒரு மனிதன் தன் உடம்பையே சிக்னலாக்கி நிற்கிறான். இத்தனை எளிய ஒரு கருவியில் ஒரு முழுப் படத்தைத் தொங்கவிடத் துணிச்சல் வேண்டும்.

கடைசியில் விசாரணை அறையில் ஒருவர், புழுக்கமாக இருக்கிறது என்று ஜன்னலைத் திறக்கிறார். 1956-ஐப் பற்றி நீங்கள் எழுதிய அரைப் பக்கத்தை இப்போது எடுத்துப் படியுங்கள்.

இரண்டாம் வாரம் ‘கனாவ்’. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். ஒரே நாளில் இரண்டு முறை பார்க்காதீர்கள், தாங்காது. இடையில் இரண்டு நாளாவது விடுங்கள்.

முதல் தடவை வெறுமனே பாருங்கள். தொடக்கத்திலேயே ஒரு குரல் கம்பெனி ஆட்களை அறிமுகப்படுத்திவிட்டு, இது இவர்கள் வாழ்வின் கடைசி மணித்துளிகள் என்று சொல்லிவிடுகிறது. பிழைப்பார்களா என்ற எதிர்பார்ப்பை எழுத்தாளரே முதல் நிமிடத்தில் கொன்றுவிட்டார். திரைக்கதை வகுப்பில் இப்படி எழுதிக்கொண்டு போனால் அடித்துத் திருத்துவார்கள். ஆனால் சாவு உறுதியானதும் பார்வையாளரின் கவனம் வேறு கேள்விக்கு நகர்கிறது: இவர்கள் ஒருவருக்கொருவர் என்ன சொல்லப்போகிறார்கள், என்ன மறைக்கப்போகிறார்கள்?

இரண்டாம் தடவை நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: யார் சொன்னது, யாருக்கு, போய்ச் சேர்ந்ததா. பத்துப் பன்னிரண்டு வரி தேறும். சிலவற்றை இங்கே தருகிறோம், மீதியை நீங்கள் பிடியுங்கள்.

இசையமைப்பாளர் மிஹாவ் நகரின் வேறொரு பகுதியிலிருக்கும் மனைவியோடு தொலைபேசியில் பேசுகிறார். பேச்சின் நடுவே இணைப்பு அறுகிறது. ஜெர்மானியரின் ‘கோலியாத்’ வெடிவண்டி பின்னால் இழுத்துவரும் கேபிள் வழியாகத்தான் உத்தரவு பெறும். கம்பெனியைச் சேர்ந்த கொராப் அந்தக் கேபிளை அறுத்து அதை நிறுத்துகிறான், அதில் காயப்படுகிறான். சாக்கடைக்குள், காயம்பட்ட கொராப் சுவரில் எழுதியிருப்பதைப் படிக்கச் சொல்லும்போது, அவனோடு வரும் பெண் ஸ்தொக்ரொத்கா பெயரை மாற்றிப் படிக்கிறாள். உண்மையில் அங்கே எழுதியிருப்பது அவன் பெயர். சப்டைட்டில் சோதனை இதற்காகத்தான்.

பிறகு ஸாத்ராவும் கூலாவும். தளபதி ஸாத்ரா முன்னே போகிறார். கம்பெனியின் ஏட்டைப் பார்த்துக்கொள்ளும் சார்ஜென்ட் கூலா, ஆட்கள் பின்னால் வருகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே வருகிறான். வெளியே ஏறிய பிறகுதான் தெரிகிறது, யாரும் வரவில்லை. ஸாத்ரா அவனைச் சுட்டுவிட்டு மறுபடி மேன்ஹோலுக்குள் இறங்குகிறார். ஒரு தகவல் தொடர்பு அதிகாரி தன் தொழிலின் மிகப் பெரிய பாவத்தை எப்படி எழுதுவார் என்றால் இப்படித்தான் எழுதுவார்: பொய்யான நிலவர அறிக்கை.

மணி பார்க்கவும் மறக்காதீர்கள். சாக்கடைக்குள் இறங்க ஏறத்தாழப் பாதிப் படம் ஆகிவிடும். அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கு முன் யார் யாருக்கு எத்தனை நிமிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று கணக்கிடுங்கள். மேலே பகல் வெளிச்சத்தில் முகங்களை நன்றாகக் காட்டிவிட்டதால்தான் கீழே இருட்டில் குரலை வைத்தே ஆளை அடையாளம் காண முடிகிறது. அவசரப்பட்டு முன்பாதியை வெட்டினால் பின்பாதி யாரோ சிலர் சேற்றில் நடப்பதாக ஆகிவிடும். கீழே போனதும் கதை மூன்று கிளையாகப் பிரிகிறது. ஒரு கிளையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு கோடு போடுங்கள். மூன்று கிளைகளும் ஒன்றுக்கொன்று என்ன ஆயிற்று என்று கடைசிவரை அறிவதே இல்லை. நமக்கு மட்டும்தான் மூன்றும் தெரியும்.

நிஜச் சாக்கடையைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது. வார்சாவின் கழிவுநீர்க் கால்வாய்கள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலப் பொறியாளர்களான லிண்ட்லி குடும்பத்தார் வடிவமைத்தவை. முட்டை வடிவச் செங்கல் கட்டுமானம். பல இடங்களில் நிமிர முடியாது. 1944-ல் ஜெர்மானியர் மேன்ஹோல் வழியாகக் கையெறி குண்டும் கார்பைடும் போட்டார்கள், கால்வாய்க்குள் தடுப்புகள் கட்டினார்கள். மொகொதூவிலிருந்து கிளம்பியவர்களில் சிலர் வழி தவறி த்வொர்கோவா தெருவில் வெளியே வர, அங்கே காத்திருந்தவர்கள் அவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். ஆகவே படத்தில் வரும் புகையும் பீதியும் அலங்காரமில்லை. படத்தின் கால்வாய் மட்டும் உவுட்ஜ் நகர ஸ்டுடியோவில் போட்ட செட்.

கொராப்பும் ஸ்தொக்ரொத்காவும் ஆற்றங்கரைக் கம்பித் தடுப்பில் வந்து நிற்கும் காட்சியில் படத்தை நிறுத்துங்கள். கம்பிக்கு அப்பால் விஸ்துலா ஆறு. ஆற்றின் அக்கரையில் 1944 செப்டம்பர் நடுவிலிருந்து சோவியத் படை, எழுச்சிக்குப் போதிய உதவி செய்யாமல், நின்றுகொண்டிருந்தது. படத்தில் இதைப் பற்றி ஒரு சொல் கிடையாது. 1957-ல் இருக்கவும் முடியாது. கேமரா அக்கரையைக் காட்டுகிறது, அவ்வளவுதான். தணிக்கை இருந்த நாட்டில் போலந்துப் பார்வையாளருக்கு அது போதும். இதைத் தெரியாமல் பார்க்கிறவருக்கு அது வெறும் அழகான ஆறு. நோட்டின் மூன்றாவது பத்தியில் இதையும் எழுதுங்கள்: சொன்னது எழுத்தாளர், யாருக்கு என்றால் அரங்கில் இருந்தவர்களுக்கு, போய்ச் சேர்ந்தது.

1957-ல் கான் விழாவில் நடுவர் சிறப்புப் பரிசை இந்தப் படம் பெர்க்மனின் ‘ஏழாவது முத்திரை’யோடு பகிர்ந்துகொண்டது. உள்ளூரில் முதலில் முகச்சுளிப்புதான். வீரர்களைச் சாக்கடையில் புரளவிட்டுவிட்டார் என்று கோபம். அங்கே புரண்ட ஆளே எழுதியது என்பது அந்தக் கோபத்துக்கு ஒரு பொருட்டாக இல்லை.

ஓர் எச்சரிக்கை: ஸாத்ராதான் ஸ்தவின்ஸ்கி என்று எழுதிவிடாதீர்கள். பதவியும் இடமும் ஒத்துப்போகின்றன, முடிவு ஒத்துப்போகவில்லை. ஸாத்ரா திரும்ப இறங்கினார். ஸ்தவின்ஸ்கி பிழைத்தார். பிழைத்தவர் இறங்கியவரை எழுதியிருக்கிறார் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

மூன்றாம் வாரம் ‘ஏரோயிகா’ (1958, முங்க்). இரண்டு தனிக் கதைகள். மூன்றாவதாக ஒன்றும் எடுத்தார்கள். முங்க் அதைப் படத்திலிருந்து எடுத்துவிட்டார். உங்கள் பிரதியில் இரண்டுதான் இருக்கிறது என்று பதற வேண்டாம்.

முதல் கதையின் நாயகன் ஜிஜுஷ், எழுச்சியிலிருந்து நழுவி வீட்டுக்கு ஓடிவரும் பிழைக்கத் தெரிந்த ஆள். வீட்டில் மனைவியோடு ஒரு ஹங்கேரி அதிகாரி. தங்கள் படை ஆயுதத்தோடு உங்கள் பக்கம் வரத் தயார் என்று அந்த அதிகாரி சொல்ல, ஜிஜுஷ் விருப்பமே இல்லாமல் தூதனாகிறான். முன்னும் பின்னும் அலைகிறான், குடிக்கிறான், பேரம் படியவில்லை. ‘கனாவ்’ படத்துக்குப் போட்ட அதே மூன்று பத்தியை இதற்கும் போடுங்கள். அங்கே அழவைத்த அதே இயந்திரம் இங்கே சிரிக்கவைக்கிறது: செய்தி ஒழுங்காகப் போய்ச் சேருகிறது, ஆனால் அதை வைத்துக்கொண்டு யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. போதையில் உட்கார்ந்திருக்கும் ஜிஜுஷுக்குப் பின்னால் ஒரு ஜெர்மன் டாங்க் வந்து நிற்கும் காட்சியை மூன்று முறை பாருங்கள். பார்வையாளருக்குத் தெரியும், பாத்திரத்துக்குத் தெரியாது. அவ்வளவுதான் சூத்திரம், ஆனால் எத்தனை நொடி நீட்டுகிறார்கள் என்பதைக் கடிகாரத்தில் பாருங்கள்.

இரண்டாம் கதை கைதிமுகாம். முர்னாவில் இருந்தவர் எழுதியது என்பதை நினைவில் வைத்துப் பாருங்கள். ஸவிஸ்தொவ்ஸ்கி என்ற லெப்டினன்ட் முகாமிலிருந்து தப்பிவிட்டார் என்று எல்லோரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையில்தான் மானத்தோடு நாளை ஓட்டுகிறார்கள். உண்மையில் அவர் கூரைக்கு அடியில் ஒளிந்து கிடக்கிறார். ஓரிருவருக்கு மட்டுமே தெரியும். இங்கே பொய்ச் செய்தி ஆட்களைக் காப்பாற்றுகிறது. கூலாவின் பொய்யையும் இந்தப் பொய்யையும் ஒரே பக்கத்தில் எதிரெதிராக எழுதுங்கள். ஸ்தவின்ஸ்கி பொய்க்குத் தீர்ப்பு எழுதுவதில்லை. அதைக் காப்பாற்ற ஆகும் செலவை மட்டும் கணக்குப் பார்க்கிறார். வீரம் பேசும் போர்ப்படங்களிலிருந்து இவரைப் பிரிப்பது இந்தக் கணக்குப் புத்திதான்.

நான்காம் வாரம் ‘மாறுகண் அதிர்ஷ்டம்’ (1960, முங்க்). சொல்லுக்குச் சொல் தமிழில் அப்படித்தான் வரும். அதிர்ஷ்டம் இவனைப் பார்க்கிற மாதிரி இருக்கும், ஆனால் பார்வை வேறெங்கோ. நடிகர் போகுமிவ் கொபியெலாதான் நாயகன் யான் பிஷ்ச்சிக். சிறை அதிகாரியிடம் தன் கதையைச் சொல்லி, தன்னை வெளியே அனுப்பிவிடாதீர்கள் என்று கெஞ்சுகிறான். முப்பதுகளிலிருந்து ஐம்பதுகள் வரை ஒவ்வொரு ஆட்சியிலும் அந்தந்தக் காலத்துக்கு ஏற்ற வேஷம் கட்டுகிறான், ஒவ்வொன்றும் ஒரு நாள் தாமதம். வேஷம் ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு வரி: உடை, அதை எங்கே வாங்கினான், எந்த நிமிடத்தில் அது தவறான உடையாயிற்று. உடைப்பட்டியலே திரைக்கதைச் சுருக்கமாக வந்து நிற்பதைக் காண்பீர்கள். 1988-ல் இதே பாத்திரத்தைத் தொடர்ந்து ‘குடிமகன் பிஷ்ச்சிக்’ வந்தது. கொபியெலா உயிரோடு இல்லாததால் யெஷி ஸ்தூர் நடித்தார். பார்க்கலாம், அவசரமில்லை.

ஐந்தாம் வாரத்துக்கு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 1959-ல் வந்த ‘ஸமாஹ்’, 1944 பிப்ரவரி 1-ல் வார்சாவில் நாஜிகளின் எஸ்.எஸ். படைத் தலைவன் குட்ஷெராவைச் சுட்டுக் கொன்ற நடவடிக்கையின் அடிப்படையில் அமைந்தது. 1978-ல் திரைக்கு வந்த ‘ஆயுதக்கிடங்கு அருகே நடவடிக்கை’, 1943 மார்ச் 26-ல் நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோவின் வண்டியிலிருந்து தோழனை மீட்ட சாரணர் குழுவைப் பற்றியது. இரண்டிலும் திட்டம் வகுப்பது, ஆள் நிறுத்துவது, சைகை கொடுப்பது ஆகியவற்றின் வரிசையைக் கவனியுங்கள். நடவடிக்கை சில நிமிடம், காத்திருப்பு பல மணி. நகைச்சுவை வேண்டுமென்றால் 1995-ல் கூட்ஸ் இயக்கிய ‘கர்னல் க்வியாத்கோவ்ஸ்கி’. போர் முடிந்த கையோடு ஒரு மருத்துவர் பாதுகாப்புத் துறைக் கர்னலாக வேஷம் போடும் கதை. பிஷ்ச்சிக்கின் கெட்டிக்காரத் தம்பி என்று சொல்லலாம்.

1410 க்ருன்வால்ட் போரின் 550-ஆம் ஆண்டு நாளான 1960 ஜூலை 15-ல் வெளியிட்ட ‘டியூட்டானிக் வீரர்கள்’ படத்திலும் இவர் கை உண்டு. சென்கியெவிச் நாவலை இயக்குநர் ஃபோர்டோடு சேர்ந்து திரைக்கதையாக்கினார். பெருங்கூட்டம் பார்த்த படம். ஸ்தவின்ஸ்கியைத் தேடினால் அதில் அதிகம் அகப்படமாட்டார். அவரே இயக்கிய அறுபது, எழுபதுகளின் படங்களில் ‘பென்குவின்’ ஒன்றைப் பார்த்தால் போதும். எழுத்தில் இருந்த கூர்மை இயக்கத்தில் மழுங்கியிருப்பது தெரியும்.

ஆறாம் வாரம், எழுதிப் பாருங்கள்

நான்கு பக்கம், அதற்கு மேல் வேண்டாம். போர் வேண்டாம், உங்களுக்குத் தெரிந்த வேலையிடம் போதும். தபால் பிரிக்குமிடம், மருத்துவமனை வரவேற்பு, லாரி ஷெட், எதுவானாலும்.

முதலில் கதையை எழுதாமல், அந்த இடத்தில் செய்தி எப்படி நகர்கிறது என்று எழுதுங்கள்: யார் எழுதுவது, எதில், யார் கையில் போகிறது, வந்து சேர்ந்ததற்கு என்ன அடையாளம். விளக்கின் விதி போல ஒரே வரியில் ஒரு விதி கிடைக்க வேண்டும். வாசகர் அதை முதல் பக்கத்திலேயே, விளக்கமில்லாமல், யாரோ வேலை செய்வதைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். விதி இரண்டு வரியைத் தாண்டினால் வேறு விதி தேடுங்கள்.

அடுத்து ஒரு செய்தியை மூன்று கை மாறவிடுங்கள். இரண்டாவது கையில் அறுக்க வேண்டும். அறுப்பதற்குக் காரணம் தீயவன் ஒருவனாக இருந்தால் கதை மெலிந்துவிடும். சோர்வு, இரக்கம், பயம், நல்லெண்ணம் இவற்றில் ஒன்றாக இருக்கட்டும். ஸ்தொக்ரொத்கா மாற்றிப் படித்ததும் கூலா பொய் சொன்னதும் வேறு வேறு காரணத்துக்காக. இருவரும் கெட்டவர்கள் அல்ல.

பெரும்பாலான முதல் படிகள் இரண்டு இடத்தில் கெடுகின்றன. ஒன்று, அறுந்தது தெரிந்தவுடன் பாத்திரங்கள் அதைப் பற்றியே பேசத் தொடங்கிவிடுவார்கள். அந்த வசனங்களை அடித்துவிட்டு, அவர்கள் அடுத்த வேலையைத் தவறான தகவலோடு தொடர்ந்து செய்யட்டும். இன்னொன்று, வாசகருக்கு எப்போது தெரிய வேண்டும் என்பதை முடிவு செய்யாமலே எழுதிவிடுவது. பாத்திரத்துக்கு முன் தெரிந்தால் டாங்க் காட்சி போல அமையும். பாத்திரத்தோடு சேர்ந்து தெரிந்தால் மேன்ஹோலுக்கு வெளியே ஸாத்ரா திரும்பிப் பார்க்கும் கணம் போல. இரண்டில் ஒன்றைத் தேர்ந்து பக்க ஓரத்தில் குறித்துவிட்டு எழுதுங்கள்.

முடித்ததும் விஷயம் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, ஒவ்வொரு பக்க முடிவிலும் நிறுத்தி, இப்போது யாருக்கு என்ன தெரியும் என்று கேளுங்கள். அவர் சொல்வதும் ஓரத்தில் நீங்கள் குறித்ததும் ஒத்துப்போகாத பக்கத்தைத் திருத்தினால் போதும். அதற்கு முந்தைய பக்கத்தில் செய்தி கை மாறிய இடத்தில்தான் பெரும்பாலும் ஓட்டை இருக்கும்.